வேலிக்காத்தான் போன நிலம்

நெம்மேலியைத் தாண்டி மாமல்லபுரம் போகும் வழியில், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே, ஒரு மண் தடம் பக்கிங்காம் கால்வாயைப் பார்த்து இறங்குகிறது. தடம் முடிகிற இடத்தில் மூன்று ஏக்கர். புரட்டாசி வெயில் ஏறுவதற்கு முன்பே ஜேசிபி வந்து நிற்கிறது. டிரைவர் திருவண்ணாமலைப் பக்கத்துப் பையன். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, வண்டியின் முன்னால் ஒட்டியிருக்கும் முருகனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, நேராக வேலிக்காத்தான் என்கிற சீமைக்கருவேலத்துக்குள் விடுகிறான்.

மேலே பார்த்தால் இரண்டாள் உயரப் புதர்தான். பக்கெட் அடியில் போய்க் கெல்லும்போதுதான் அந்த மரத்தின் பலம் தெரிகிறது. வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது, மண் விரிகிறது, செம்மஞ்சள் வேர் ஒன்று நீளமாக உருவிக்கொண்டு வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. டிரைவர் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்லிவிட்டு, கீழே நிற்பவரைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொள்கிறான். எங்கிருந்தோ பத்துப் பன்னிரண்டு கொக்குகள் வந்துவிட்டன. கிளறிய மண்ணில் பூச்சி பொறுக்கியபடி பக்கெட்டுக்கு ஓரடி தள்ளி நடக்கின்றன. வண்டிக்குப் பயப்படுவதாகத் தெரியவில்லை.

வெட்டினால் தழைக்கும் சாதி இது. தூரோடு கிளப்பினால்தான் அடங்கும். அப்புறமும் விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். நெற்று இனிப்பாக இருக்கும் என்பதால் ஆடு மாடு தின்று, சாணி போட்ட இடத்திலெல்லாம் முளைக்க வைக்கும். 1870களில் ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, விறகுக்காக மதராஸ் மாகாணத்தில் ஊன்றியது வெள்ளைக்கார வனத்துறை. விறகு கிடைத்தது என்பதும் உண்மை. இந்தக் கடற்கரையில் எத்தனையோ வீட்டு அடுப்புகளை எரித்த மரம் இதுதான். தமிழக அரசு 2022-இல் ஆக்கிரமிப்பு அயல் தாவரங்களை அகற்றுவதற்கென ஒரு கொள்கையே வகுத்துவிட்டது. ஆனால் அது காட்டையும் சர்க்கார் நிலத்தையும் நினைத்து எழுதியது. இந்த மூன்று ஏக்கருக்கு ஜேசிபி வாடகை, நிலத்துக்காரர் பாக்கெட்டிலிருந்துதான்.

நிலத்துக்காரர் துணித் தொப்பியும் முழுக்கால் சட்டையுமாக வரப்பில் நிற்கிறார். பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது, அவர் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டிருக்கும் அழகிலேயே தெரிகிறது. வாங்கியது தொண்ணூறுகளில், வீடு கட்டலாம் என்ற நினைப்பு. ஐப்பசி பிறந்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும், தை வரைக்கும் வடியாது என்பதை விற்றவர் சொல்லவில்லை. கிராவல் கொட்டி மேடாக்கக் கணக்குப் போட்டபோது, நிலம் வாங்கிய விலையை விட மண் விலை அதிகமாக வந்தது. பிறகு 2015 டிசம்பர் வெள்ளம். வடக்கே அடுத்த மனைக்காரர் நாலடி மேடாக்கிச் சுவரும் எழுப்பிவிட்டதால் அந்தத் தண்ணீரும் சேர்ந்து இங்கேதான் இறங்கியது. இனிமேல் இது வீடாகாது என்று தெரிந்த பிறகுதான், இதில் என்ன இருந்திருக்கும் என்று அவருக்கு யோசனை வந்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் வருகிறது.

அவர் நோட்டில் ஒரு பட்டியல். சென்னையில் தோட்டம் அமைத்துத் தருகிற ஒருவர் எழுதிக் கொடுத்தது போலிருக்கிறது: புன்னை, மகிழம், நாகலிங்கம், நீர்மருது, நீர்க்கடம்பு. தலைப்பில் 'நாட்டு மரங்கள்' என்று எழுதி இரண்டு கோடு. நாகலிங்கம் தென் அமெரிக்க மரம். சிவன் கோயிலில் நிற்பதால் நம் மரமாகிவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் சாலையோரம் சலசலக்கிற சவுக்கும் வெளியிலிருந்து வந்ததுதான். 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காக இந்தக் கரையில் தோப்புத் தோப்பாக வைத்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அலைத்தடுப்பு என்ற பெயரில் இன்னொரு தடவை வைத்தார்கள். சவுக்கு வருவதற்கு முன்பு மணல்மேட்டைப் பிடித்து வைத்திருந்தவை அடப்பங்கொடியும் ராவணன் மீசையும். இரண்டுக்கும் எந்தப் பட்டியலிலும் இடம் கிடைப்பதில்லை; முழங்காலுக்கு மேலே வளராத எதையும் யாரும் செடியாக எண்ணுவதில்லை.

ஒன்பது மணி வாக்கில் ஒரு ஆயா வருகிறாள். எழுபது இருக்கலாம், கூடவும் இருக்கலாம். தோளில் கட்டைக் கடப்பாறை. பின்னால் மருமகள் தலையில் தண்ணீர்க் குடமும் கையில் வெட்டுக்கத்தியும். அவள் பின்னால் பள்ளிக்கூடச் சட்டையோடு பேரன், இன்று சனிக்கிழமை. இருளர்கள். ஆயா யாரிடமும் வந்தேன் என்று சொல்லவில்லை. ஜேசிபி கிளறிப் போட்ட ஓரத்தில் குனிந்துகொண்டே நடக்கிறாள். ஓரிடத்தில் நின்று, கையைத் தூக்கி டிரைவரை நிறுத்துகிறாள்.

"இத்தப் புடுங்காத."

"எது ஆயா? எல்லாம் முள்ளுதான?"

"முள்ளெல்லாம் ஒண்ணா? இது சங்கம் முள்ளு. அந்தாண்ட நிக்கிறது உகா. ரெண்டும் இங்கயே பொறந்தது."

நிலத்துக்காரர் கிட்டே வந்து பார்க்கிறார். அவருக்கு எல்லாம் ஒரே பச்சையாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். வேலிக்காத்தான் நிழலில் வெளிறிப்போன முட்சங்கம் புதர் ஒன்று, நாலு முட்களைச் சிலுவையாக நீட்டிக்கொண்டு. இருபது தப்படி தள்ளி உகா, பாதி மூச்சோடு. உப்பு மண்ணில் நிற்கக்கூடிய சொற்ப மரங்களில் ஒன்று. நோட்டைப் பிரித்து எழுதிக்கொள்கிறார். "உகாவா, உகாயா?" என்று கேட்கிறார். ஆயா அதற்குள் அடுத்த புதருக்குப் போய்விட்டாள்.

சர்க்கார் கணக்கில் இந்த நிலம் புஞ்சை. மூன்று மாதம் நீர் நிற்கிற புஞ்சை. 2017-இன் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள் நெல் வயல், உப்பளம், பாசனத்துக்குக் கட்டிய ஏரி என்று பலவற்றை வெளியே விட்டுவிட்டன. ஏரி மாவட்டம் என்று பெயரெடுத்த செங்கல்பட்டில் இந்த விலக்குகளைக் கழித்துப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான். கரிக்கிலி, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் மூன்றும் 2022-இல் உலக ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறின. அந்தப் பெருமைக்கும் ஒரு ஓய்வூதியக்காரரின் பள்ளக்கொல்லைக்கும் ஒரு ஒட்டும் இல்லை. இங்கே என்ன முளைக்கலாம் என்பதை அவர் தீர்மானிக்கிறார். அவருக்குப் பிறகு அமெரிக்காவிலிருக்கும் பிள்ளை தீர்மானிப்பார். அந்தப் பிள்ளையை நம்பித்தான் தரகர் ஒருவர் வாரம் தவறாமல் வருகிறார் போலிருக்கிறது. இன்றும் வந்திருக்கிறார், வெள்ளைச் சட்டை, பைக்கை விட்டு இறங்காமலேயே பேச்சு.

"சுத்தம் பண்ணது நல்லதுதான் சார். இடம் எடுப்பாத் தெரியும். கோவளம் பக்கம் லேக் வருதுன்னு பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க. லேக் வ்யூன்னு போட்டா ரேட்டே வேற."

"நான் விக்கறதுக்காகப் பண்ணலைங்க."

"தெரியும் சார். கால்வாய் ஓரம் மட்டும் அந்த அலையாத்தி வெக்காதீங்க. வெச்சீங்கன்னா சி.ஆர்.இசட்.ல மாட்டிக்குவீங்க. அப்புறம் ஒரு செங்கல் வெக்க முடியாது."

இந்தப் பயம் கரையோரம் முழுக்க உலவுகிறது. சி.ஆர்.இசட். எனப்படும் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, தனியார் நிலத்து அலையாத்தியைச் சுற்றி ஐம்பது மீட்டர் இடைவெளி வேண்டியதில்லை என்றே சொல்கிறது. ஆனாலும் காகிதம் சொல்வதைவிட பைக்கில் உட்கார்ந்து சொல்லப்படுவதற்குத்தான் வலு. அலையாத்தி தானாக முளைத்தால்கூட ராத்திரியோடு ராத்திரியாகப் பிடுங்கிப் போடுகிறவர்கள் உண்டு. நிலத்துக்காரர் பதில் சொல்லாமல் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொள்கிறார்.

பத்தரைக்குக் குட்டி யானை வண்டி வருகிறது, கறுப்புப் பையில் நாற்றுகளை நிரப்பிக்கொண்டு. பூவரசு, புங்கன், நொச்சி, நுணா, நாவல், தாழை. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் தண்டரையிலிருந்து வருகின்றன. அங்கே 1986-இல் தொடங்கிய இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் இருக்கிறது. மூலிகையும் நாட்டுச் செடிகளும் நாற்றுவிட்டு, வைத்தியமும் பார்த்து, அந்தப் பெண்கள் வெற்றுத் தரையைத் தோப்பாக்கியிருக்கிறார்கள். இந்த வட்டாரத்தில் தனியார் இடத்தில் நாட்டுச் செடியை மீட்டதற்கு உதாரணம் கேட்டால் நான் முதலில் சொல்வது தண்டரையைத்தான். இரண்டாவது, இங்கிருந்து வடக்கே கொஞ்ச தூரத்தில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-இல் ராமுலஸ் விட்டேகரும் கூட்டாளிகளும் தொடங்கியபோது வெறும் கடற்கரை மணல். இன்று முதலைகளின் தலைக்கு மேலே மரக்கிளைகளில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. தவறி விழும் குஞ்சின் கதி கேட்க வேண்டாம்.

இரண்டு இடத்துக்கும் பின்னால் ஒரே கதை ஓடுகிறது. 1972-இல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத்தோல் ஏற்றுமதி நின்றது. தோலுக்காகப் பாம்பு பிடிப்பது என்ற, இருளர்களுக்குத் தெரிந்த தொழில் ஒரே அடியாகக் குற்றமானது. 1978-இல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்து, விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விடுகிற முறை வந்தது. அந்தச் சமூகத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ வாங்கினார்கள். பாம்பைத் தெரிந்தவர்கள் என்று நாடு அவர்களை ஒப்புக்கொண்டாயிற்று. செடியைத் தெரிந்தவர்கள் என்பதற்கு அப்படியொரு நாள் இன்னும் வரவில்லை.

நாற்றுகளை இறக்கியதும் நிலத்துக்காரர் நோட்டை எடுக்கிறார். பத்தடிக்கு ஒன்று, நேர்வரிசை, மொத்த நிலத்துக்கும். சுண்ணாம்பால் குறி போடவும் ஆள் தயார். ஆயா கறுப்புப் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கிறாள். பிறகு மேட்டுக்குப் போய் ஒரு கிள்ளு மண்ணை எடுத்து நாக்கில் வைக்கிறாள். துப்புகிறாள். நடுப்பள்ளத்தில் இறங்கி அங்கேயும் ஒரு கிள்ளு. கால்வாய் ஓரத்தில் இன்னொன்று. அதற்கு முகத்தைச் சுளித்து, குடத்துத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கிறாள். அவ்வளவுதான் மண் பரிசோதனை. திரும்பி வந்து பைகளைப் பிரித்து வைக்கத் தொடங்குகிறாள். நாவலும் நுணாவும் புங்கனும் சாலைப் பக்க மேட்டுக்கு. பூவரசும் தாழையும் கால்வாய்ச் சரிவுக்கு, அதுவும் ஐந்தாறாகச் சேர்த்து.

"ஏன் ஆயா கும்பலா வெக்கிற? பெரிசான அப்புறம் எடம் பத்தாதே?"

"தனியா நின்னா காத்து சாச்சுப்புடும் சாமி. ஒண்ணையொண்ணு புடிச்சுக்கினு நிக்கட்டும்."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் வெக்காத."

"ஒண்ணுமேயா? ஒரு ஏக்கர் இருக்கும்மா. வேடந்தாங்கல்ல ஏரிக்குள்ளயே நிக்குதே, அந்தக் கடம்பு வெச்சா பறவை வந்து கூடு கட்டும்னு..."

"அது நல்ல தண்ணி மரம். இங்க கோடையில உப்பு ஏறும், கருகிப்புடும். தண்ணி நிக்கட்டும். நின்னா தானா வரும்."

வேடந்தாங்கலைப் பற்றி அவர் நினைத்ததிலும் தவறில்லை. அங்கே நீர்க்கடம்பு இடுப்பளவு தண்ணீரில் வருடாவருடம் நின்று கூடுகளைச் சுமக்கிறது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டர் லயோனல் பிளேஸ் காலத்திலேயே, பறவையைச் சுடக் கூடாதென்று ஊரார் உத்தரவு வாங்கி வைத்திருக்கிறார்கள். பறவை எச்சம் கரைந்த ஏரி நீர் பாய்ந்தால் உரம் வேண்டாம் என்று அந்த வயல்காரர்களுக்குத் தெரியும். பட்டா நிலத்து லாபம்தான் அங்கே ஏரியைக் காத்தது. ஆனால் வேடந்தாங்கலைத் தூக்கி வந்து கடலோரத்தில் வைக்க முடியாது. ஈரநிலம் என்றதும் மரக்கன்றை அள்ளிக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். போட்டோவுக்கும் அதுதான் வசதி. நீர் பரந்து நிற்கவேண்டிய இடத்தில் மரத்தை அடைத்துவைப்பதற்கும் கிராவல் கொட்டுவதற்கும் உள்ளானுக்கு வித்தியாசம் தெரியாது. அதற்கு வேண்டியது வெட்டவெளிச் சேறு. சேற்றுக்கு வேண்டியது கோரையும் நீர்முள்ளியும் பொடுதலையும். அவற்றின் விதையும் கிழங்கும் மண்ணுக்குள்ளேயே தண்ணீருக்குக் காத்துக் கிடக்கும்.

ஆயா பள்ளத்தில் கடப்பாறையை ஒரு குத்துக் குத்தி நெம்புகிறாள். கறுப்புக் கட்டி புரள்கிறது. அதிலிருந்து சுண்டுவிரல் பருமனில் கோரைக்கிழங்கு ஒன்றை உருவி, பேரனிடம் கொடுக்கிறாள். பையன் முகர்ந்து பார்த்துவிட்டு நிலத்துக்காரரிடம் நீட்டுகிறான். அவர் வாங்கி முகர்கிறார். மாலையில் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்பார் போலிருக்கிறது, பழைய குளியல் பொடி வாசனை நினைவுக்கு வந்தது அவர் முகத்தில் தெரிகிறது. நோட்டில் பத்தடி வரிசைகளின் மேல் ஒரு பெருக்கல் குறி விழுகிறது. சுண்ணாம்பு ஆள் வெற்றிலை போடப் போய்விடுகிறான்.

அடுத்து ஒரு சிறு தகராறு. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடு சேர்ந்து, மீன்முள் மாதிரி கிளை வாய்க்கால்கள் வெட்டி அலையாத்தியைத் திரும்பக் கொண்டுவந்ததை நிலத்துக்காரர் படித்திருக்கிறார். அங்கே மரத்தை மொத்தமாக வெட்டியதில் தரை குழிந்து, உள்ளே வந்த அலைநீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, உப்பு இறுகி எல்லாம் செத்தன. வாய்க்கால் வெட்டியதும் நீர் வந்து போக ஆரம்பித்தது. நாமும் கால்வாயிலிருந்து ஒன்று இழுத்தால் என்ன என்று அவர் டிரைவரிடம் கையைக் காட்டுகிறார். டிரைவருக்கு என்ன, மணிக்கணக்குக் கூலி, பக்கெட்டைத் திருப்புகிறான்.

இதுவரை வாய் திறக்காத மருமகள், "கெணறு" என்கிறாள்.

சாலையோர மேட்டில் ஒரு பழைய உறைக்கிணறு. கால்வாய் நீர் முட்டுக்காடு முகத்துவாரம் வழியாகக் கடலோடு தொட்டுக்கொண்டிருக்கிறது. அது உள்ளே வந்தால் இந்தக் கிணறும், பக்கத்துக் குடிசைகளின் அடிபம்பும் உப்பாகிவிடும். நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2013-இலிருந்து ஓடுகிறது; 2024-இல் இரண்டாவது ஆலையும் வந்தது. அந்தத் தண்ணீர் குழாயில் ஏறிச் சென்னைக்குப் போகிறது. இங்கே குடத்தில் இருப்பது இந்தக் கிணற்றுத் தண்ணீர். நிலத்துக்காரர் யோசித்துவிட்டு, கால்வாய்க் கரையைத் தொட வேண்டாம் என்கிறார். கரைக்கு வெளியே அலை நனைக்கிற பத்தடிப் பட்டையில் மட்டும், ஏற்கனவே உமரி சிவந்து கிடக்கும் இடத்தில், அலையாத்தி விதை ஊன்றலாம். தரகர் போன பிறகுதான் இதைச் சொல்கிறார் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் சாப்பாட்டு நேரம். பிடுங்கிய வேலிக்காத்தான் தூர்கள் மலையாகக் கிடக்கின்றன. ஆயாவின் கண் அதில்தான்.

"இந்தத் தூரு இன்னா பண்ணப் போற சாமி?"

"கரி மூட்டத்துக்காரருக்குப் பேசிட்டேன். லாரி நாளைக்கு வரும்."

ஆயா தலையாட்டுகிறாள். மருமகள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். விரல் அடியில் வெட்டுக்கத்தி காய்த்த தடிப்பு. 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமைகளாக இருந்த 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். அவர்கள் இருளர்கள். வாங்கிய சில ஆயிரம் ரூபாய் முன்பணத்துக்காக வருடக்கணக்கில் மரம் வெட்டியவர்கள். வேலிக்காத்தான் ஒழிய வேண்டும் என்று பேசுகிறவர்கள் சுற்றுச்சூழல் கூட்டங்களில் நிறைய. அது யார் கையைக் கிழித்து லாரி ஏறியது என்ற பேச்சு அந்தக் கூட்டங்களில் நான் கேட்டதில்லை.

மூன்று மணிக்கு வேலி போடுகிற மேஸ்திரி டேப்போடு வருகிறார். கல் தூண், ஐந்து வரிசை முள்கம்பி, சாலைப் பக்கம் கேட். ஆடு வராமல் இருக்கவேண்டும் என்றால் வேலி வேண்டும். ஆடு வந்தால் இன்று வைத்த பூவரசு ஒன்றும் மிஞ்சாது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆயா மட்டும் டேப்பின் பின்னாலேயே நடக்கிறாள்.

"வாய்க்கா பக்கம் வழி எங்க சாமி?"

"அந்தப் பக்கம் எதுக்கு? கேட்டுதான் இங்க இருக்குதே."

"கேட்டு பூட்டிக்கினு நீ பட்டணம் போயிடுவ. தண்ணி நின்னா நண்டு வரும். வரப்புல எலி வரும். நீர்முள்ளி, பொன்னாங்கண்ணி எல்லாம் கெளம்பும். நான் எப்பிடி வர்றது?"

மேஸ்திரி சிரிக்கிறார். "ஒனக்குத்தான் பூஞ்சேரியில மனை குடுத்தாங்களே, அங்க போயி நண்டு புடி."

2021 தீபாவளியன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டா கொடுத்ததைத்தான் மேஸ்திரி சொல்கிறார்.

"அது எங்க அக்கா மவளுக்கு. எனக்கில்ல. அதுல வூடுதான் கட்டலாம். நண்டு எங்க வரும்?"

நிலத்துக்காரர் கால்வாய்ப் பக்கம் பார்க்கிறார். மருமகளும் பையனும் இன்று வைத்த கன்றுகளுக்கு உறைக்கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தண்ணீருக்குத் தனிக் கூலி பேசவில்லை.

"மேஸ்திரி, அந்தப் பக்கம் ஒரு சின்ன வழி விட முடியுமா? ஆடு நுழையாத மாதிரி?"

"திருகுக் கதவு வெக்கலாம் சார். ஆள் மட்டும் திரும்பி வர்ற மாதிரி. ரெண்டடி விட்டாப் போதும்."

"எழுதிக்கோங்க. ரெண்டடி."

ஆயா கைகளை விரித்துத் தலைக்கு மேலே கூடை அகலம் காட்டுகிறாள். "ரெண்டடியில கூடையோட எப்பிடி நொழையறது?"

"கூடையக் கையில புடிச்சுக்கோ."

"கையில கடப்பாறை இருக்கும்."

மேஸ்திரி நிலத்துக்காரர் முகத்தைப் பார்க்கிறார். அவர் நோட்டை வாங்கி, ரெண்டை அடித்துவிட்டுப் பக்கத்தில் மூன்று என்று எழுதிக் கொடுக்கிறார். "சார், கதவு விலை கூடும்" என்கிறார் மேஸ்திரி. நிலத்துக்காரர் கூடட்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. கல் தூண் எத்தனை என்ற கணக்குக்குப் போய்விடுகிறார்கள்.